டார்வினும் முருகைத் தீவுகளும்

சாள்ஸ் டார்வின் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மிற் பெரும்பாலார்க்குக் குரங்கு நினைவுக்கு வருகின்றது. உயர்தர வகுப்பு மாணவரைக் கேட்டால் கூர்ப்பு என்பர். இயற்கைத் தேர்வு என்பர். கலாபாகோசுத் தீவுக் குருவிகளின் அலகுகளை வரைந்து காட்டுவர். அவை யாவும் சரியே. ஆயினும், உயிரினங்களின் தோற்றம் பற்றி ஒரு வரிதானும் வெளியிடுமுன்னரே, முப்பது வயதை எட்டாத இளைஞராக இருக்கையிலேயே, இலண்டன் அறிஞர் குழாத்தை டார்வின்பாற் திரும்பச் செய்த கொள்கை வேறொன்று. நடுக்கடலில் வளையம் வளையமாகக் கிடக்கும் முருகைத் தீவுகள் எவ்வாறு தோன்றின என்பதே அது. அவருடைய வாழ்க்கையை அந்த ஒன்றை முன்வைத்தே இங்கு எழுதப் புகுகின்றேன். பிற்காலத்து டார்வினை விளங்கிக்கொள்வதற்கு இதனினும் நேரான வழி இல்லை என்பது என் துணிபு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. பவளம் என்றதும் நம் மனம் மாலையிற் கோத்த செம்மணியை நாடும். அம்மணி மத்தியதரைக் கடல் முதலிய இடங்களில் வளரும் ஒருவகை உயிரியின் உட்கூடு. அது பார் கட்டுவதில்லை. பார் கட்டுவன அதற்கு உறவான வேறு வகைகள். வெண்ணிறச் சுண்ணக்கல்லை ஆக்குவன. இவற்றை ஈழத்துக் கரையோர மக்கள் முருகை என்பர். நெடுந்தீவுக்குச் சென்றோர், அங்கே ஓலை வேலிக்குப் பதிலாக, முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் காணிகளைச் சூழ்ந்திருப்பதைக் கண்டிருப்பர். அக்கல்லொன்றைக் கையிலெடுத்து உற்று நோக்கினால், தேன்வதை போலச் சிறு சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒருகாலத்தில் ஓர் உயிர் குடியிருந்த வீடு.

டார்வின் 1809ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆந் திகதி இங்கிலாந்தின் சுறூஸ்பரி நகரிற் பிறந்தார். தந்தையார் றொபேட் டார்வின் பேர்பெற்ற வைத்தியர். தாயார் பீங்கான் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய வெட்ஜ்வுட் குடும்பத்தினர். மைந்தனுக்கு எட்டு வயதாயிருக்கையில், 1817இல், அவர் காலமானார். மகனும் வைத்தியனாக வேண்டுமென விரும்பிய தந்தையார் அவரை 1825இல் எடின்பறோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. குழந்தையொன்றுக்கு நடந்த சத்திரசிகிச்சையைக் காணப் பொறாது அறையை விட்டு ஓடியவர், பின்னர் அப்பக்கம் தலைகாட்டவேயில்லை. ஆயினும் எடின்பறோ வாழ்க்கை வீண்போகவில்லை. றொபேட் கிராண்ட் என்னும் அறிஞரோடு கடற்கரையில் அலைந்து, கடல் வற்றிய வேளைகளிற் பாறைக் குட்டைகளிற் கிடக்கும் உயிர்களைத் திரட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கப் பழகினார். செடியோ விலங்கோ எனத் தெளிவுபடாத கடலுயிர்களை அக்காலத்தார் விலங்குச்செடி என ஒரே கூட்டத்தில் அடக்கியிருந்தனர். அவற்றுள் ஒன்றான புளுஸ்திராவின் முட்டைகள் எனக் கருதப்பட்டவை, மயிர்போன்ற உறுப்புக்களால் நீந்தித் திரியும் இளம்பருவத்தன என்பதை டார்வின் கண்டு, 1827ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாணவர் சங்கமொன்றில் எடுத்துரைத்தார். பதினெட்டு வயதில் அவர் செய்த முதற் கண்டுபிடிப்பு அது.

முருகையும் அந்த விலங்குச்செடிக் கூட்டத்திலேதான் வைக்கப்பட்டிருந்தது. முருகை பூக்குஞ் செடியன்று, விலங்கே என்று பிரான்சிய வைத்தியர் பெய்சொனல் 1720களில் எடுத்துச் சொன்னபோது, பாரிசு நகரத்து விஞ்ஞானக் கழகத்தார் அதனை ஏற்க மறுத்தனர். உண்மையில் முருகையின் உயிருள்ள பகுதி பொலிப்பு எனப்படும் சிறு விலங்கு; பல வகைகளில் அது ஒரு நெல்மணியினும் சிறியது. உடல் ஒரு பை. அதற்கு ஒரே வாய். உண்பதும் கழிப்பதும் அதன் வழியே. வாயைச் சூழ உணர்கொம்புகள் உள; அவற்றிற் கொட்டும் நுண்கலங்கள் செறிந்திருக்கும். இரவில் அக்கொம்புகளை விரித்து, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும். அடிப்புறத் தோலோ கடல்நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு கல்சியம் காபனேற்றைப் படியச் செய்து, கிண்ணம் போன்றதோர் இருக்கையைக் கட்டிக்கொள்ளும். ஒரு பொலிப்பு அரும்பி இரண்டாகும், இரண்டு நான்காகும். பிரிந்தவை விலகிப் போகா. மெல்லிய தசையால் இணைந்தே வாழும். பழைய கிண்ணத்தைக் கீழே விட்டு, அதன்மேற் புதுக் கிண்ணம் எழுப்பும். ஆகவே யானையளவு பருத்த முருகைப் பாறையிலும் உயிர் தங்கியிருப்பது மேற்றோலில் மட்டுமே. உள்ளிருப்பது முழுதும் முன்பிருந்தவை கட்டிக் கைவிட்ட வீடு. திரண்டு வளரும் வகைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றரும், கிளைவிடும் வகைகளுட் சில பத்துச் சென்றிமீற்றர் வரையும் உயரும். புதிய இடத்தில் முருகை குடியேறுவது, முட்டையிலிருந்து வெளிவந்து நீந்தும் இளம்பருவங்கள் பாறையொன்றைப் பற்றிக்கொள்வதாலாகும். புளுஸ்திராவில் இளம் டார்வின் கண்டதை ஒத்த நிகழ்ச்சியே இது.

வைத்தியம் கைவிடப்பட்டபின் தந்தையார் அவரைச் சமயகுருவாக்க எண்ணிக் கேம்பிறிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே அவர் படித்ததைக் காட்டிலும் வண்டு பிடித்ததே அதிகம் எனலாம். 1831இற் பட்டம் பெற்ற கையோடு, பீகிள் என்னும் அளவைக் கப்பலில் இயற்கை ஆராய்ச்சியாளராகச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. தந்தையார் தடுத்தார்; தாய்மாமனார் யோசையா வெட்ஜ்வுட் பரிந்துரைத்துச் சம்மதம் பெற்றுத் தந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 27ஆந் திகதி கப்பல் புறப்பட்டது. தலைவர் பிற்ஸ்றோய், டார்வினை விட நான்கே வயது மூத்தவர், கடலளவையில் வல்லவர். கடற்படைத் தலைமையகம் அவரிடம் ஒப்புவித்திருந்த பணிகளுள், வளையவடிவான முருகைத் தீவொன்றை நன்கு அளந்து வருவதும் ஒன்றாகும்.

அவ்வாறு அவர்கள் வேண்டியதற்குக் காரணமிருந்தது. முருகைப்பார்கள் மூவகையாகக் காணப்படுகின்றன. நிலத்தோடு ஒட்டி அதன் ஓரமாய் வளர்வன ஒருவகை. நிலத்துக்கும் பாருக்குமிடையே ஆழமான நீர்ப்பரப்பு அமைய, தொலைவில் அரண்போல் எழுந்து நிற்பன இன்னொரு வகை. மூன்றாவது வகையில் நிலமே இல்லை. நடுவிற் களப்பு, சுற்றிலும் முருகை வளையம், அதற்கப்பால் ஆழங் காணவொண்ணாக் கடல். இதனையே அற்றோல் என்பர். அச்சொல் மாலைதீவு மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. முருகையோ ஆழத்தில் வாழாது. இருபது முப்பது பாகத்துக்குக் கீழே பார் கட்டும் வகைகள் பெரும்பாலும் இல்லை. அங்ஙனமாயின் ஆயிரக்கணக்கான அடி ஆழமான கடலினின்று இவ்வளையங்கள் எழுந்தவாறு எங்ஙனம்? அக்காலப் புவிச்சரிதவியலாருள் முதல்வரான லையல், கடலுள் அமிழ்ந்த எரிமலைகளின் வாய்விளிம்பிலே முருகை குடியேறியதால் இவ்வடிவம் வந்ததென்றார். எரிமலை வாயும் வட்டம், அற்றோலும் வட்டம் என்பதால் அது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் மாலைதீவின் சில அற்றோல்கள் நாற்பது ஐம்பது மைல் நீளமானவை. அத்தகைய வாயையுடைய எரிமலைகள் நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே மட்டத்தில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழாக வந்து நிற்கவேண்டுமென்பது நம்புதற்கரியது.

லையலின் புவிச்சரிதவியல் நூலின் முதற்பகுதியைப் பயணத் தொடக்கத்தில் டார்வினுக்குக் கொடுத்தவர் பிற்ஸ்றோயே. இன்றும் நம் கண்முன் நிகழும் மழை, அலை, எரிமலை, நிலநடுக்கம் முதலிய சிறு மாற்றங்கள் நெடுங்காலம் தொடர்ந்தமையாலேயே புவியின் தோற்றம் உருவானது என்பது அந்நூலின் கருத்து. 1832 ஜனவரியில் வேட் முனைத் தீவுகளைச் சார்ந்த சாந்தியாகோவிற் கப்பல் தங்கியபோது, கடலோரச் செங்குத்துப் பாறையில் வெண்ணிறப் பட்டையொன்று நெடுந்தூரம் ஓடுவதை டார்வின் கண்டார். அது கடற்சிப்பிகள் நிறைந்த சுண்ணம். எரிமலைக் குழம்பால் மூடப்பட்டுப் பின்னர் கடல்மட்டத்துக்கு மேலே உயர்த்தப்பட்டது. நிலம் தாழும், நிலம் உயரும் என்பதை அவர் கற்ற முதற் பாடம் அது.

இரண்டாம் பாடம் கடுமையானது. 1835 பெப்ரவரி 20ஆந் திகதி, சிலி நாட்டு வால்டிவியாவில் ஒரு காட்டினுள்ளே அவர் படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்தபோது நிலம் ஆடத் தொடங்கியது. இரண்டு நிமிடமளவே நீடித்த அந்நடுக்கத்தில், வடக்கேயுள்ள கொன்செப்சியோன் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. சில நாள் கழித்து அங்கு சென்று பார்த்தவர், மக்கள்பட்ட துயரத்தை எழுதியதோடு, கரை இரண்டு மூன்று அடி உயர்ந்துவிட்டதையும் குறித்துக்கொண்டார். அருகிலுள்ள சாந்தா மரியா தீவிலே, பாறையிற் பற்றியிருந்த சிப்பிகள் நீர்மட்டத்துக்குப் பத்தடி மேலே அழுகிக் கிடப்பதைப் பிற்ஸ்றோய் அளந்து அறிந்தார். அடுத்த மாதம் அந்தீசு மலையைக் கடக்கையில், ஏறக்குறைய 14,000 அடி உயரத்திற் கடற்சிப்பிகளின் உயிர்ச்சுவடுகளை டார்வின் கண்டெடுத்தார். பத்தடி பத்தடியாக ஒரு கண்டமே எழுந்திருக்கிறது!

இங்கேதான் அந்த மனத்தின் போக்கு நம்மை வியக்கச் செய்கின்றது. தென்னமெரிக்கா எழுகின்றதாயின், அதற்கு ஈடாகப் பசிபிக்குக் கடலின் அடித்தளம் தாழ்ந்து கொண்டிருத்தல் வேண்டும் என அவர் எண்ணினார். தாழும் கடலடியின்மேல் எரிமலைத் தீவொன்று நிற்பதாகக் கொள்வோம். அதன் கரையோரம் முருகை பற்றி வளர்கின்றது, அது முதல்வகை. தீவு மெல்லத் தாழ்கின்றது. தாழத் தாழ முருகை மேல்நோக்கி வளர்ந்து நீர்மட்டத்தை விடாது பற்றிக்கொள்கின்றது. அலை மோதும் வெளிவிளிம்பிலே தூய நீரும் உணவும் மிகுதியாதலால் அங்கே வளர்ச்சி மிகும். உட்புறத்திற் சேறும் மணலும் படிவதால் வளர்ச்சி குன்றும். தீவு சுருங்குகின்றது, பார் இருந்த இடத்திலேயே உயர்கின்றது, இடையே நீர் அகல்கின்றது. அது இரண்டாம் வகை. கடைசி மலையுச்சியும் மூழ்கிய பின் எஞ்சுவது வளையம் மட்டுமே. மூன்று வகையும் மூன்று பொருள்களல்ல, ஒரே பொருளின் மூன்று பருவங்களாம். இக்கொள்கையை முழுவதும் தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலேயே, ஒரு முருகைப்பாரையும் கண்ணாற் காணுமுன்னரே, உருவாக்கிக்கொண்டதாகத் தம் சுயசரிதையில் அவரே குறிப்பிடுகின்றார். தாம் எழுதியவற்றுள் இத்துணை முன்கூட்டியே ஊகித்தது வேறில்லை என்பதும் அவர் வாக்கு.

ஊகித்ததைக் கண்ணாற் கண்டது 1835 நவம்பரில். தாகித்தித் தீவின் மலைச்சரிவில் ஏறி நின்று, எதிரே கடலில் மூரேயாத் தீவைப் பார்த்தார். நடுவே கரடுமுரடான மலை. அதனைச் சூழ அமைதியான களப்பு. அப்பால் அலை உடைந்து வெண்கோடிட்ட பார். சட்டமிட்ட ஓவியமொன்றைப் பார்ப்பதுபோல் அது அவருக்குத் தோன்றிற்று. அந்த மலையை மட்டும் எடுத்துவிட்டால் எஞ்சுவது அற்றோல் அல்லவா? நியூசிலாந்தை நோக்கிக் கப்பல் செல்கையில், அவ்வாண்டு டிசெம்பரிலேயே, கொள்கையின் முதல் வரைவை எழுதி முடித்தார்.

ஆனால் நெருங்கி ஆராய்வதற்குரிய அற்றோல் கிடைத்தது இந்துமாகடலில். சுமாத்திராவுக்கு ஏறக்குறைய 600 மைல் தொலைவிலுள்ள கீலிங் தீவுகளை, கொக்கோசுத் தீவுகள் என்றும் வழங்கப்படுவனவற்றை, பீகிள் 1836 ஏப்பிரல் முதலாந் திகதி அடைந்தது. 12ஆந் திகதி புறப்பட்டது. அந்தப் பன்னிரண்டு நாளும் டார்வின் களப்பிலும் பாரிலும் நீரில் நின்றபடியே கழித்தார் என்று கூறின் மிகையாகாது. அலை உடையும் வெளிவிளிம்பிற்கு, கடல் வற்றிய வேளையில், கோலொன்றைக் கையிற் பிடித்துத் தாவித் தாவிச் சென்றார். அவ்விளிம்பைப் பூசி மூடியிருந்தது முருகையன்று, கல்லாய் இறுகும் ஒருவகைப் பாசி என்பதையும், அதுவே அலையின் தாக்குதலினின்று பாரைக் காக்கும் கவசம் என்பதையும் உணர்ந்தார். மில்லிப்போரா என்னும் கிளைத்த உயிரி முகத்தில் உரசியதும் சுரீரென எரிவு எழுந்ததையும் குறித்து வைத்தார். பாரிடையே வாழினும் அது மெய்யான முருகையன்று, வேறு குலத்தது என இன்று அறிவோம்.

கிளிமீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது, குடல் முழுதும் சுண்ணச் சேறு நிறைந்திருந்தது. முருகையைக் கடித்து மேய்ந்து மணலாக்கிக் கழிப்பன அவை. பாரின் ஒருபுறம் கட்டுவோர், மறுபுறம் இடித்து அரைப்போர். களப்பின் அடியிற் படியும் வெண்மணல் இவ்விரு சாராரின் கூட்டு வேலை என்பதை அவர் கண்டுகொண்டார். தேங்காயை உரித்துத் துளைத்துத் தின்னும் பெருநண்டையும் அங்கே பார்த்தார். இன்னொன்றையும் அவர் கவனித்தார். யாழ்ப்பாணத்து வாசகர்க்கு அது இனிக்கும். அத்தீவின் நன்னீர்க் கிணறுகளில் நீர், கடலின் ஏற்றவற்றத்தோடு கூடவே ஏறி இறங்கியது. மழைநீர் கனங்குறைந்ததாதலால், கடற்பஞ்சு போன்ற முருகை மணலுக்குள்ளே உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது என அவர் விளக்கினார். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதும் இதே இயல்பினால். நம் குடாநாட்டின் சுண்ணக்கல்லும் கடலிற் படிந்ததே.

எல்லாவற்றினும் முக்கியமானது பிற்ஸ்றோய் நடத்திய ஆழமளத்தல். ஈயக்குண்டின் அடியிற் கொழுப்பைப் பூசிக் கயிற்றில் இறக்குவது வழக்கம். கீழே உள்ளது எதுவோ அதன் அச்சு கொழுப்பிற் பதிந்து வரும். பத்துப் பன்னிரண்டு பாகத்தில் உயிருள்ள முருகையின் அச்சுத் தெளிவாகப் பதிந்தது. ஆழம் செல்லச் செல்ல முருகையின் அச்சுக் குறைந்து மணல் மிகுந்தது. இருபது பாகத்துக்குக் கீழ்ப் பெரும்பாலும் மணலே. ஆனால் கரையிலிருந்து 2,200 யார் தொலைவில் 7,200 அடிக் கயிறு முழுதையும் விட்டும் அடி தட்டுப்படவில்லை. எரிமலைக் கூம்பின் சரிவைக் காட்டிலும் செங்குத்தான மலையொன்றின் உச்சியில் அவர்கள் நங்கூரமிட்டிருந்தனர். முருகை வாழ்வது மேலே சில பாகத்தில். அதன் கல்லோ ஆழம் வரை இறங்குகின்றது. தாழ்ந்திராவிட்டால் அது எவ்வாறு கூடும்?

அடுத்து மொறீசியசில் ஓரப்பார்களைப் பார்த்தார். அங்கே அளவைத் தலைவருக்குச் சொந்தமான யானையின்மீதும் ஏறிச் சென்றார். 1836 ஒக்டோபர் 2ஆந் திகதி கப்பல் பால்மத்துத் துறையை அடைந்தது. ஐந்தாண்டும் கடல்நோயால் வாடியவர் பின்னர் ஒருபோதும் தாய்நாட்டை விட்டு வெளியே சென்றாரல்லர்.

லையல் இக்கொள்கையைக் கேட்டபோது மகிழ்ச்சி தாளாது துள்ளிக் குதித்தார் என்பர். தமது எரிமலைவாய்க் கொள்கையை இனி என்றைக்குமாய்க் கைவிட வேண்டியதே என 1837 மேயில் நண்பர் ஹேர்ஷலுக்கு எழுதினார். தம் கருத்தை முறியடித்த இளைஞரைத் தாமே மேடையேற்றிய அப்பெருந்தகைமையை ஆசிரியராயுள்ளோர் நினைவில் வைத்தல் தகும். அம்மாதம் 31ஆந் திகதி புவிச்சரிதவியற் சங்கத்தில் டார்வின் கட்டுரை வாசித்தார். அடுத்த ஜூலையில், இனங்கள் மாறுவது பற்றிய தம் முதற் குறிப்பேட்டைத் திறந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே சில வாரங்களே உள என்பதை நான் தற்செயலாகக் கொள்வதில்லை. கண்ணுக்குப் புலனாகாத சிறு மாற்றம், அளவற்ற காலம், ஒரே வரிசையில் வைத்து நோக்கினால் ஒன்றிலிருந்தொன்று பிறக்கும் வடிவங்கள்: முருகையிற் கையாண்ட முறையையே பின்னர் உயிரினங்களிற் கையாண்டார்.

1839இல் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். முருகைப்பார்களின் அமைப்பும் பரம்பலும் பற்றிய நூல் 1842இல் வெளிவந்தது. அளவிற் சிறிய அந்நூலுக்கு இருபது மாதக் கடும் உழைப்புச் சென்றது. பசிபிக்கு, இந்துமாகடல் பற்றிய பயண நூல்களையும் கடற்படங்களையும் ஒன்றுவிடாது துருவினார். மாலைதீவு, சாகோசுத் தீவுகளைக் கப்டன் மோர்ஸ்பி அளந்து வரைந்த படங்கள் அவருக்குப் பெருந்துணையாயின. வளையத்தீவுகளுக்குக் கருநீலம், அரண்பார்களுக்கு வெளிர்நீலம், ஓரப்பார்களுக்குச் சிவப்பு எனத் தீட்டிய உலகப்படமொன்றை நூலிற் சேர்த்தார். இயங்கும் எரிமலைகள் சிவப்புப் பகுதிகளை அடுத்தே இருக்க, நீலப் பகுதிகளில் அவை காணப்படாமையை எடுத்துக்காட்டி, நீலம் தாழும் நிலம், சிவப்பு எழும் நிலம் அல்லது அசையா நிலம் என்றார். பெரும் சாகோசுத் தட்டைப் பற்றி அந்நூலிற் கூறியது குறிப்பிடத்தக்கது. அது பிழைத்து வளர முடியாது அமிழ்ந்துபோன அற்றோல் எனக் கண்டார். தாழ்வின் வேகத்துக்கு முருகையின் வளர்ச்சி ஈடுகொடுக்கும்வரை தீவு உண்டு. ஈடுகொடாதபோது அது நீருள் மறையும்.

அதே ஆண்டு செப்டெம்பரில் இலண்டனை விட்டு டவுன் என்னும் கிராமத்திற் குடியேறினார். ஓயாத நோய், எட்டாண்டு கொட்டலசு ஆராய்ச்சி, 1851இற் பத்து வயது மகள் ஆனியின் மரணம், 1859இல் உலகை உலுக்கிய நூல் ஆகியவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அவை பலரும் எழுதியவை. முருகை நூலின் இரண்டாம் பதிப்பை 1874இல் திருத்தி வெளியிட்டார் என்பது மட்டும் நம் பொருளுக்கு வேண்டியது.

எதிர்ப்பு 1880இல் வலுத்தது. சலஞ்சர் கப்பலில் உலகக் கடல்களை ஆராய்ந்து மீண்ட ஜோன் மறே, நிலம் தாழவே வேண்டியதில்லை என்றார். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகள் மழைபோல் வீழ்ந்து படிந்து கடலடி மேடுகளை உயர்த்துகின்றன. போதிய உயரம் வந்ததும் முருகை குடியேறுகின்றது. உட்புறம் கரைந்து களப்பாகின்றது என்பது அவர் விளக்கம். அமெரிக்க அறிஞர் அலெக்சாந்தர் அகாசிசு இதனை ஆதரித்தார். 1881 மே மாதம் டார்வின் அகாசிசுக்கு எழுதிய கடிதம் என் மனத்தை மிகக் கவர்ந்தது. தாம் தவறியிருந்தால் தம் தலையில் அடித்து ஒழித்துவிடுவதே நன்று என்னும் பொருளில் நகையாடிவிட்டு, பெருஞ்செல்வர் எவரேனும் மனம்வைத்து, பசிபிக்கிலும் இந்துமாகடலிலும் உள்ள அற்றோல்கள் சிலவற்றை ஐந்நூறு அறுநூறு அடி ஆழத்துக்குத் துளைத்து உள்ளிருப்பதை எடுத்துவரமாட்டாரா என ஏங்கினார். செப்புச் சுரங்கத்தாற் பெருஞ்செல்வரான அகாசிசுக்கே இதை எழுதினார் என்பது ஒரு வேடிக்கை. அகாசிசு பின்னர் உலகத்து முருகைக் கடல்களையெல்லாம் சுற்றி வந்தார். ஆனால் தம் முடிவுகளைத் திரட்டும் பெருநூலை எழுதாமலே 1910இற் கப்பற் பயணத்தில் இறந்தார்.

டார்வின் தம் கடைசி நூலை 1881இல் வெளியிட்டார். அது மண்புழுவைப் பற்றியது. 1882 ஏப்பிரல் 19ஆந் திகதி டவுனில் உயிர்நீத்தார். வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

துளைக்கும் வேலை 1896இல் தொடங்கிற்று. இலண்டன் உரோயல் சங்கத்தார் பசிபிக்கிலுள்ள புனாபுட்டி அற்றோலுக்கு ஆட்களை அனுப்பினர். முதல் முயற்சி தோற்றது. மறு ஆண்டு அவுஸ்திரேலியப் பேராசிரியர் எட்ஜ்வேத் டேவிட்டின் தலைமையில் நடந்தது முன்னேறியது. 1898இல் 1,114 அடி ஆழம் வரை சென்றனர். அங்கும் முருகைச் சுண்ணக்கல்லே வந்தது. எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. டார்வின் பக்கத்தார் தாமே வென்றோமென்றனர். மறுபக்கத்தார், பாரின் சரிவில் உடைந்து வீழ்ந்த குவியலைத்தான் துளைத்தீர்கள் என்றனர். 1947இல் பிக்கினி அற்றோலில் 2,556 அடி துளைத்தும் அடி எட்டவில்லை. 1952இல் எனிவெற்றொக் அற்றோலில் அமெரிக்கர் இட்ட துளைகளே 4,000 அடிக்கும் அப்பால் எரிமலைப் பாறையைத் தொட்டன. அதன்மேற் படிந்திருந்த கல்லில் ஆழமற்ற நீரில் வாழும் உயிர்களின் எச்சங்கள் இருந்தன. அடியிலுள்ளவை மூன்று கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட இயோசீன் காலத்தவை. மூன்று கோடி ஆண்டாக மலை தாழ, முருகை அதனை விடாது மேலே கட்டி வந்திருக்கிறது. டார்வின் இறந்து எழுபது ஆண்டு சென்றிருந்தன. அத்துளைகளை இட்டது அணுக்குண்டுச் சோதனைக்கான ஆயத்தத்தோடு சேர்ந்தே என்பதையும் சொல்லாமல் விடலாகாது. அவ்வாண்டு நவம்பர் முதலாந் திகதி அதே அற்றோலின் ஒரு தீவு ஐதரசன் வெடிப்பால் இல்லாதொழிந்தது.

எனினும் டார்வின் கூறியவாறே எல்லாம் அமைந்துவிடவில்லை. ஒரு கண்டம் எழுவதற்கு ஈடாகவே கடலடி தாழ்கின்றது என்ற அவர் கருத்து நிலைக்கவில்லை. புதிதாய்த் தோன்றிய கடலடித் தட்டு, தோன்றிய இடத்தை விட்டு நகர்ந்து குளிரும்போது அடர்த்தி மிகுந்து தாழ்கின்றது. எரிமலையும் அதனோடு தாழ்கின்றது என இன்றைய தட்டசைவுக் கொள்கை விளக்குகின்றது. பனிக்காலங்களிற் கடல்மட்டம் நூறு மீற்றருக்கும் மேலாக இறங்கிப் பின் ஏறியதை அவர் கணக்கிற் கொள்ளவில்லை. நீர் இறங்கிய காலத்தில் வெளிப்பட்ட சுண்ணக்கல்லை மழைநீர் நடுவிற் குழியாகக் கரைத்தமையும் களப்புத் தோன்றக் காரணமென்று பலர் கொள்கின்றனர். மாலைதீவின் வளையங்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும் என்பர். அவ்வகையில் மறே சொன்ன கரைதலுக்கும் சிறிது இடம் கிடைத்திருக்கின்றது.

முருகை ஏன் ஆழத்தில் வாழ்வதில்லை என்பதற்கும் டார்வினிடம் நிறைவான விடை இருக்கவில்லை. பொலிப்பின் தசைக்குள்ளே ஒற்றைக்கல அல்காக்கள் இலட்சக்கணக்கில் வாழ்கின்றன. அவர் இறந்த காலத்தை ஒட்டியே அவை இனங்காணப்பட்டன. அவை சூரிய ஒளியைக் கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்து உணவு ஆக்கி, அதிற் பெரும்பங்கைப் பொலிப்புக்கு ஈகின்றன. பொலிப்பு அவற்றுக்கு இடமும் கழிவிலுள்ள சத்தும் தருகின்றது. கல் வேகமாய்ப் படிவதும் இவ்வொன்றிய வாழ்வினாலேயே. ஒளி எட்டும் வரையே அல்கா. அல்கா உள்ளவரையே பார். நீரின் வெப்பம் வழமையான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு பாகை ஏறிச் சில வாரம் நிலைத்தால், பொலிப்பு அவ்வல்காக்களை வெளியே தள்ளிவிடும். நிறமிழந்து வெளிறிய முருகை, வெப்பம் விரைவில் தணியாவிடின், பட்டினியால் இறக்கும். 1998இல் இந்துமாகடல் முழுதும் இது நிகழ்ந்தது. மாலைதீவில் ஆழமற்ற நீரிலிருந்த முருகையிற் பெரும்பகுதி அழிந்தது. ஈழத்தில் ஹிக்கடுவையும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்த்தொடரும் வெறுங்கல்லாயின; திருகோணமலைப் பக்கத்துப் பார்கள் பெரும்பாலும் தப்பின. கற்பிட்டிப் பாரில் முருகை மீண்டும் துளிர்த்துப் பல ஆண்டு வளர்ந்து வந்தது. 2016இல் அங்கே நீர் மறுபடியும் சூடேறிற்று.